'அசல்' என்னும் பித்தலாட்டம்

2024 கோடையில் எங்கள் பகுதியில் நடந்த பழைய கார்க் கண்காட்சி ஒன்றின் கையேட்டில், 1968ஆம் ஆண்டு பிளிமத் ரோடு ரன்னர் காரின் படத்துக்குக் கீழே இரண்டே வரிகள் இருந்தன. முதல் வரி, உரிமையாளரின் பெயர். இரண்டாம் வரி, 'குடும்பத்தாரின் உதவியோடு வீட்டிலேயே புதுப்பித்தது.' காரின் முன்கண்ணாடியில் செருகப்பட்டிருந்த நடுவரின் தாளிலோ 'அசல்தன்மை' என்ற தலைப்பின் கீழ்க் கழித்தல் குறிகள் வரிசையாக நின்றன. இவ்விரண்டு தாள்களையும் எதிர்த்தே இதை எழுதுகிறோம். இரு துண்டுக் காகிதங்களுக்கா இவ்வளவு கோபம் என்று கேட்பவர்கள், நூலின் முகப்பில் யார் பெயர் வருவது, நன்றியுரையில் யார் பெயர் ஒடுங்குவது என்பது பற்றித் தமிழில் நடந்த சண்டைகளை ஒருகணம் நினைத்துப் பார்க்கட்டும்.

நாங்கள் இருவரும் டெட்ராய்ட்டை அடுத்த புறநகர் ஒன்றில் குடியிருப்பவர்கள். அந்தக் கார் எதிர்வீட்டாருடையது. ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், அவர் மனைவி, மணவிலக்குப் பெற்றுத் தாய்வீடு திரும்பிய மகள், மகளின் இரண்டு குழந்தைகள் என ஐந்து பேர் உள்ள வீடு. 2021 முதல் நான்கு கோடைகளும் மூன்று குளிர்காலங்களும் அவர்களுடைய காரேஜில் நாங்கள் செய்த வேலை பெரும்பாலும் விளக்குப் பிடித்தது. (தமிழில் இச்சொற்றொடருக்குள்ள இன்னொரு பொருளை வாசகர் தயவுசெய்து மறந்துவிட வேண்டும்.) ஆகவே நடுநிலையாளர்கள் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எங்களுக்கில்லை. சொல்லிக்கொள்ளப் போவதுமில்லை.

மஸில் கார் என்றால் என்னவென்று இலக்கிய வாசகருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 'தசைநார் ஊர்தி' என்று யாரேனும் மொழிபெயர்த்துவிடும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. நடுத்தர அளவுள்ள, விலை மலிந்த உடலில் பெரிய காருக்குரிய ராட்சத இயந்திரத்தைத் திணிப்பதுதான் அதன் சூத்திரம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் நடுத்தரக் கார்களின் இயந்திரம் 330 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாதென்று தனக்குத்தானே விதி வகுத்திருந்தது. பான்டியாக் பிரிவில் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் 1964இல் 389 கன அங்குல இயந்திரத்தை 'கூடுதல் வசதி' என்ற பெயரில் உள்ளே நுழைத்து, ஜி.டி.ஓ. என்று பெயரிட்டு விற்றார்கள். அந்தக் கள்ளத்தனத்தில் பிறந்த மரபு இது. பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. காப்பீட்டுக் கட்டணம், 1970இன் தூய காற்றுச் சட்டம், 1973இன் எண்ணெய் நெருக்கடி ஆகிய மூன்றும் சேர்ந்து கதையை முடித்தன.

இவற்றுள் ரோடு ரன்னருக்குத் தனியிடம் உண்டு. மற்றவை விலையேறிக்கொண்டே போன காலத்தில், இது வேண்டுமென்றே ஏழ்மையாக வடிவமைக்கப்பட்டது. தரையில் கம்பளம் கிடையாது, ரப்பர் விரிப்புதான். டாக்ஸியில் இருப்பது போன்ற நீள இருக்கை. அலங்காரம் எதுவுமில்லை. ஆனால் முன்னே 383 கன அங்குல, அதாவது 6.3 லிட்டர், வி8 இயந்திரம், 335 குதிரைத்திறன். தொடக்க விலை மூவாயிரம் டாலருக்குள். கார்ட்டூன் பறவையின் பெயருக்காக வார்னர் பிரதர்ஸுக்குக் கொடுத்த 50,000 டாலரும், அப்பறவையைப் போலவே 'பீப் பீப்' என்று ஒலிக்கும் ஹாரனும்தான் அதில் இருந்த ஒரே ஆடம்பரம். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 45,000 கார்கள் விற்றன. வாங்கியவர்களில் வாரக்கூலி இளைஞர்கள் ஏராளம். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவரின் அண்ணன் அப்படி வாங்கிய ஒருவர்.

அண்ணன் அதை ஓட்டினார், பந்தயம் விட்டார், 1974இல் இயந்திரத்தை வெடிக்கவைத்தார். 1970ஆம் ஆண்டுக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய அதே அளவு இயந்திரத்தைப் பொருத்தி மறுபடியும் ஓட்டினார். 1979இல் ஒரு கொட்டகையில் நிறுத்தினார். நாற்பது ஆண்டுகள் எலிகளுக்கும் துருவுக்கும் இரையாகக் கிடந்த கார், 2019இல் அண்ணன் இறந்தபின் தம்பியிடம் வந்தது.

இனி 'அசல்' பற்றி.

இன்றைய பழைய கார்ச் சந்தையின் மூலமந்திரம் 'எண்கள் பொருந்த வேண்டும்' என்பது. சட்டகத்தில் உள்ள எண்ணும் இயந்திரக் கட்டையில் வெட்டிய எண்ணும் ஒன்றாயிருக்க வேண்டும். முன் மட்கார்டின் உட்புறத்தில் திருகிய தகரச் சீட்டின் குறியீடுகளோடு நிறமும் இருக்கையும் ஒத்துப்போக வேண்டும். பொருந்தினால் விலை பல மடங்கு. 1971ஆம் ஆண்டு பிளிமத் ஹெமி குடா ஒன்று 2014இல் முப்பத்தைந்து லட்சம் டாலருக்கு ஏலம் போனது. தொழிலாளியின் சம்பளத்துக்காக வடிவமைக்கப்பட்ட ஒரு பொருள் கோடீஸ்வரரின் பெட்டகத்துக்குள் போய்ச் சேர்ந்த கதை இது. சந்தை இருக்குமிடத்தில் போலியும் இருக்கும். பழைய எண்ணைச் சுரண்டிப் புதிய எண்ணை வெட்டுகிறார்கள். தகரச் சீட்டுகளைப் புதிதாக அச்சடித்துத் தருகிறார்கள். சாதாரணக் காரை உயர்வகையாக வேடமிட்டு விற்கிறார்கள். ஆக, அசல் மீதான வழிபாடு முதலில் ஈன்றது போலியைத்தான்.

ஆனால் போலிகள் மீது எங்களுக்குப் பெரிய புகார் இல்லை. அவர்களைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். எங்கள் வழக்கு மேன்மக்களோடு. நேர்மையான, பண்பட்ட, பணம் படைத்த மீட்டெடுப்பாளர்களோடு.

காரின் அடிவயிற்றை முதன்முறையாகச் சுத்தம் செய்த நாளில், நாற்பதாண்டு அழுக்குக்கு அடியில் பெயிண்ட் வழிந்து உறைந்த சொட்டுகளைக் கண்டோம். மேலே அடித்த நிறம் தாறுமாறாகச் சிதறிக் கீழ்ப்புறம் பாதி நிறமும் பாதி பிரைமருமாக இருந்தது. குறுக்குச் சட்டம் ஒன்றின் அருகே நீலக் க்ரேயானால் யாரோ கிறுக்கிய ஓர் அடையாளம். சோதித்தாயிற்று என்பதற்கான குறியாக இருக்கலாம். பின்னிருக்கையைப் பிரித்தபோது, சுருள்வில்லுக்குள் எலி கடித்த மிச்சமாகப் பாதித் தாள் ஒன்று கிடைத்தது. ஆலையில் ஒவ்வொரு காருக்கும் இன்னின்ன பொருத்துக என்று குறியீடுகளோடு அச்சிட்டு அனுப்பிய கட்டளைத்தாள். வேலை முடிந்ததும் தொழிலாளர்கள் அதை இருக்கைக்குள் செருகிவிடுவது அக்காலத்தில் சகஜம். இன்று அதைக் கண்டெடுப்பது ஏட்டுச் சுவடி கிடைத்தது போன்ற பாக்கியம். எல்லோரும் கூடிநின்று வாசித்தோம். அது வேறொரு காரின் தாள்! அவசரத்தில் யாரோ மாற்றிச் செருகியிருக்கிறார். பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவருக்கு அந்த அவசரம் தெரியும்.

எங்களுக்குத் தெரியாது, படித்துத்தான் தெரிந்துகொண்டோம். இந்தக் கார் டெட்ராய்ட்டின் லிஞ்ச் ரோடு ஆலையில் செய்யப்பட்டது. 1967 ஜூலையில் அந்நகரம் பற்றி எரிந்தது. 1968 மே மாதம், அதே கிரைஸ்லர் நிறுவனத்தின் 'டாட்ஜ் மெயின்' ஆலையில், ஓடும் வரிசையின் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்துத் தொழிலாளர்கள் சங்கத்தைக் கேளாமலே வெளிநடப்புச் செய்தார்கள். தண்டனை கறுப்பினத் தொழிலாளர்கள் மீதே அதிகம் விழுந்தது. அதிலிருந்து எழுந்ததுதான் 'டிரம்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம். டாட்ஜ் மெயின் ஆலையே 1981இல் இடிக்கப்பட்டுவிட்டது. சொட்டும் சிதறலும் மாறிப்போன தாளும் அந்த வேகத்தின் சாட்சியங்கள். ஒரு நொடிக்கு மேல் நிற்க அனுமதிக்கப்படாத ஒரு கை விட்டுச்சென்ற கையெழுத்து என்றே அவற்றை நாங்கள் வாசிக்கிறோம்.

இதை ஒரு நிபுணரிடம் காட்டினோம். அவர் சொன்ன யோசனையை வாசகர் நம்ப வேண்டும். எல்லாவற்றையும் மணல்வீச்சில் வெள்ளி போல உரித்துவிட வேண்டும். பழுதில்லாமல் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதன்பின், ஆலையில் வழிந்தது போலவே சொட்டுகளைத் தூரிகையால் வரைய வேண்டும். நீலக் க்ரேயான் குறியைப் படத்தைப் பார்த்து மறுபடி போட வேண்டும். அப்போதுதான் 'அசல்தன்மை'க்கு முழு மதிப்பெண்!

கைநாட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் கைநாட்டின் ஓவியத்தை மாட்டிவைக்கும் இந்தக் கலைக்குத் தமிழில் பெயர் தேட வேண்டியதில்லை. நம் கோயில் தூண்களை மணல்வீச்சு இயந்திரத்தால் 'சுத்தம்' செய்து, சிற்பத்தின் கூர்மையையும் கல்வெட்டின் எழுத்தையும் மழித்த திருப்பணிகளை நாம் அறிவோம். இயந்திரம்கூட அதேதான். பழைய ஏட்டில் சுவடி எழுதியவரின் பிழையைத் தன் யூகத்தால் 'திருத்தி', திருத்தியதைச் சொல்லாமல் மறைத்த பதிப்பாசிரியர்களையும் அறிவோம். அவர்களுக்கு நேர்மாறாக உ.வே.சாமிநாதையர் பிரதிபேதங்களைக் குறித்துவைத்தார். ஏடு தந்தவர்கள், ஒப்புநோக்க உதவியவர்கள் ஆகியோரை முகவுரைகளில் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். ஒரு பிரதி எத்தனை கைகள் வழியாக நம்மிடம் வந்து சேர்கிறது என்பதை அவர் மறைக்க விரும்பவில்லை. கார்க் கண்காட்சி நடுவரிடம் எதிர்பார்க்கக் கூடிய விஷயமா இது என்று கேட்கலாம். எதிர்பார்க்கிறோம்.

நல்லவேளையாகப் பெரியவர் நிபுணரின் பேச்சைக் கேட்கவில்லை. கீழ்ப்புறத்தில் துரு தின்ற இடங்களை மட்டும் வெட்டி எடுத்தார்கள். மற்ற இடங்களில் சொட்டுகள் அப்படியே இருக்கின்றன. நடுவர் அவற்றை 'முடிக்கப்படாத வேலை' என்று எழுதிக் கழித்திருந்தார்.

அந்தத் துருவைப் பற்றிச் சொன்னால்தான் இரண்டாவது தாளுக்கு, 'உதவியோடு' என்ற சொல்லுக்கு, வர முடியும். ஓட்டுநர் காலடித் தகரம் விரலால் குத்தினால் உதிர்ந்தது. முழுத் தரையையும் அறுத்துவிட்டு, தைவானில் அச்சடித்த புதிய தகரத்தை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும் என்றார் மகள். கூடுமானவரை பழைய தகரத்தைக் காப்பாற்றி ஒட்டுப்போட வேண்டும் என்றார் தந்தை. அண்ணனின் கால்பட்ட தகரம் அல்லவா. இந்தச் சண்டையில் இருவரும் இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே காரேஜில் ஆளுக்கொரு மூலையில் வேலை செய்தார்கள். பேச்செல்லாம் பேத்தி வழியாகவும், சில நாட்களில் எங்கள் வழியாகவும் போய்வந்தது.

தகரத்தைவிடப் பழைய துரு ஒன்று அந்தச் சண்டையின் அடியில் இருந்தது. மகளுக்குப் பதினாறு வயதானபோது அதே வீட்டில் வேறொரு கார் பிரிக்கப்பட்டிருக்கிறது. தம்பியின் கையில் ஸ்பானர் கொடுக்கப்பட்டது. அவர் கையில் விளக்கு. ஆர்வமிருந்தவர் அவர்தான், தம்பிக்கு அறவே இல்லை. தம்பி இன்று தூரதேசத்து மாநிலமொன்றில் இருந்துகொண்டு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புகிறார். மகளோ நாற்பது வயதில், சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்பில், சொந்தக் காசில் வெல்டிங் கற்றுக்கொண்டார். முடிவில் ஓட்டுநர் பக்கம் புதுத் தகரம், மறுபக்கம் ஒட்டு என்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அந்த உடன்பாட்டைக் கொண்டுவந்தவர் அம்மாள். எப்படி என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. வெல்டிங் முழுவதையும் மகளே செய்தார். கை நடுக்கம் வந்துவிட்ட பெரியவர் காருக்கடியில் மல்லாந்து படுத்து அவருக்கு விளக்குப் பிடித்தார். நாங்கள் பெரியவருக்கு விளக்குப் பிடித்தோம்.

இங்கே யார் யாருக்கு 'உதவி'?

மஸில் கார் இலக்கியத்தில் (ஆம், அப்படியொன்று உண்டு, பளபளப்பான தாளில் அச்சாகிறது) இதற்கென்றே ஒரு தொன்மம் இருக்கிறது. தந்தையும் மகனும் ஒரு காரும். மகனின் கை முதன்முறையாகக் கறுக்கிறது, இருவருக்குமிடையே இருந்த மௌனம் உடைகிறது, இயந்திரம் உறுமுகிறது. மனைவி எலுமிச்சைச் சாறோடு வாசலில் நிற்பார். அவர் பெயர் கடைசிப் பத்தியில், 'பொறுமைக்கு நன்றி' என்ற இடத்தில் வரும். இந்தத் தொன்மத்தை நாங்கள் முழுதாக நிராகரிக்கிறோம். உண்மை வேறு என்பதே காரணம்.

உண்மையில், அந்த அம்மாள் இல்லாவிட்டால் அது கார் ஆகியிருக்காது, குவியல் ஆகியிருக்கும். பிரித்தெடுத்த ஒவ்வொரு போல்ட்டையும் நட்டையும் பையிலிட்டு, எங்கிருந்து வந்ததென்று எழுதி, காபி டின்களில் அடுக்கினார். ஒரு கணக்கு நோட்டில் ஒவ்வொரு பாகமும் இருந்த நிலையைக் கோட்டோவியமாக வரைந்துவைத்தார். பிரிப்பது பெரிய காரியமல்ல. மூன்று ஆண்டு கழித்து எந்த டின்னில் எது என்று சொல்வதுதான் காரியம். வீட்டில் தொடங்கிய மீட்டெடுப்புகள் பல பாதியில் நின்று போவது பணமில்லாமல் மட்டுமல்ல. அந்த நோட்டு இல்லாமலும்தான். இருக்கை உறையை இழுத்துப் பிடித்துக் கம்பி வளையங்களால் ஒவ்வொன்றாகக் குறடுகொண்டு முடுக்கியவரும் அவரே. வாரக்கணக்கில் விரல் வீங்கியிருந்தது. கேபிள் ஒயர்களின் காப்புறை பிஸ்கட் போல நொறுங்கியதால் வரைபடத்தைப் பார்த்து எங்களுள் ஒருவர் ஒயரிங்கைச் சரிபார்த்தார். இது எங்கள் ஒரே பெருமை.

பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலையைச் சொல்ல வேண்டும். எளிய முறையில் அதைத் தனியாளாகச் செய்ய முடியாது. ஒருவர் உள்ளே அமர்ந்து மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தின் அருகே படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். 'அழுத்து', 'அழுத்திட்டேன்', 'பிடி', 'பிடிச்சிட்டேன்', 'விடு'. சொல் ஒரு நொடி பிசகினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதினான்கு வயதுப் பேத்தி மிதித்தாள், பதினொரு வயதுப் பேரன் கீழே படுத்தான். பின்சக்கரத்தில் தொடங்கி முன்சக்கரத்தில் முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. நடுவில் இருமுறை கைகலப்பு. அந்தக் காரை நிறுத்துகிற விசை அந்த இரு குழந்தைகளின் கூட்டுச்சொல்லில் உருவானது. இதற்குப் பெயர் உதவியா?

எங்கள் தரப்பின் ஓட்டைகளை நாங்களே சொல்லிவிடுகிறோம். இலக்கிய நண்பர் ஒருவர், 'ஒரு லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூட ஓடாத ஆண்திமிரின் இரும்புச் சிலைக்கு வக்காலத்தா?' என்று கேட்டார். காற்றை அது கெடுக்கிறது, உண்மை. ஆண்டுக்குச் சில நூறு மைல் ஓடும் கார் எவ்வளவு கெடுத்துவிடும் என்பது பதிலாகலாம், முழுப் பதிலாகாது. பாதுகாப்பிலும் அது பாவக் கார்; டிரம் பிரேக், மடிக்கச்சை, அவ்வளவுதான். பழைய பெயிண்டில் ஈயமும் பழைய பிரேக்கில் கல்நாரும் உண்டு. குழந்தைகளை உப்புத்தாள் தேய்க்கவோ பழைய பிரேக் தூசியைத் தொடவோ விடக் கூடாது என்று நாங்கள் சண்டை போட்டோம், அதில் வென்றோம். குடும்பம் என்ற பெயரில் கூலியில்லா உழைப்பைப் புனிதப்படுத்துகிறீர்கள் என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. அதற்கு எங்களிடம் இருப்பது இவ்வளவுதான்: கூலி கொடுக்க முடியாத இடத்தில் பெயரையாவது கொடுங்கள். பெயரையும் எடுத்துக்கொண்டு அதற்கு அன்பு என்று பெயர் சூட்டாதீர்கள்.

நடுவர் தாளுக்குத் திரும்புவோம். இயந்திர எண் பொருந்தவில்லை, கழிவு. அண்ணன் வெடிக்கவைத்து அண்ணனே மாற்றிய இயந்திரம் அந்தக் காரின் வரலாற்றில் சேராதாம். இடப்பக்கத் தரையில் வெல்டிங் தையல் தெரிகிறது, கழிவு. பக்கத்தில் நின்ற காரிலோ தரை முழுவதும் புதுத் தகரம், தையல் இருந்த சுவடே இல்லாமல் தேய்த்திருந்தார்கள்; முழு மதிப்பெண். முழுவதையும் மாற்றி மாற்றியதை மறைத்தால் அது அசல். பாதியைக் காப்பாற்றி மாற்றியதை மறைக்காவிட்டால் அது குறை. இந்தத் தர்க்கத்தை வாசகர் இரண்டுமுறை படித்துப் பார்க்கட்டும். அந்தக் காரை எட்டு மாதம் ஒரு பட்டறையில் விட்டு, காசோலை எழுதியதாக அதன் உரிமையாளரே எங்களிடம் நல்ல மனத்தோடு சொன்னார். அவரை நாங்கள் குறை கூறவில்லை. பட்டறையில் வேலை செய்தவர்களின் பெயரைக் கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை.

கையேட்டு வரியைப் பற்றிப் பெரியவர் அமைப்பாளர்களிடம் போய்ச் சொன்னார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடமிருக்கிறது என்றார்கள். மகள் அன்று எதுவும் சொல்லவில்லை. காரை அவரே ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினார். வீதி முனையில் ஹாரனை அடித்தது கேட்டது.

2025 வசந்தத்தில் அடுத்த கண்காட்சிக்கான படிவம் வந்தது. அதே ஒரு வரி. பெரியவர் தன் பெயரை எழுதினார், அனுப்பினார். பேத்தி ஓர் அட்டையை வெட்டி, முன்கண்ணாடிக்கு அடியில் வைப்பதற்காகத் தடித்த பேனாவால் எழுதினாள். முதலில் பாட்டி. அடுத்து அம்மா, தாத்தா, அவள், தம்பி. (அட்டை எழுதுகிறவர் நான் என்பதால் தம்பிக்கு முன்னால் நான் என்றாள்.) ஆறாவதாக, '1968இல் நீலக் க்ரேயான் வைத்திருந்தவர்.' அதற்கும் கீழே நாங்கள் இருவர். அதில் ஒரு பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தது. திருத்தித் தரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றோம்.